வாயில் வைத்த பஞ்சு

மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவேன். இந்த வித்தையில் எனக்குச் சமமாக திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு ஆள் இருந்தால் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பேரிங் தேய்ந்தால் ஒரு சத்தம். உள்ளே சுற்றியிருக்கிற செப்புக்கம்பி, அதுதான் காயில், கருகப்போகிறது என்றால் வேறு சத்தம். கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் காற்றைக் குடித்தால் அது இன்னொரு சத்தம். குஜிலியம்பாறையிலிருந்து வெள்ளாமை பண்ணுகிற சம்சாரி ஒருத்தர் போன் பண்ணி, போனை மோட்டார் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்பார். நான் இங்கே பட்டறையில் டீ குடித்துக்கொண்டே, "பேரிங் போச்சு அப்பு, நிப்பாட்டிட்டுக் கழட்டிக் கொண்டாங்க" என்பேன். கொண்டுவந்து பிரித்தால் பேரிங்தான் போயிருக்கும்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. வடமதுரை ரோட்டில் இன்றைக்கு என் பட்டறை எம்புட்டு நீளம் என்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். தகரக் கொட்டகையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து காயில் கட்ட ஆரம்பித்தவன், இன்றைக்கு ஏழு பேருக்கு வேலை கொடுக்கிறேன். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சபையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சாட்சி சொல்லும் நேரத்தில் பல தடவை சொல்லியிருக்கிறேன். என்னைப்போல் சாட்சி சொல்ல எங்கள் சபையில் ஆள் கிடையாது. போதகரே சொல்லியிருக்கிறார், செத்த சுருக்கமாகச் சொன்னால் இன்னும் நல்லா இருக்கும் என்று.

இம்புட்டு நல்ல காதை வைத்துக்கொண்டு, நான் பெற்ற ஒரே மகள் பேசுவதைக் கேட்கத் தெரியாமல் பல வருஷம் இருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் என் வீட்டுக்காரி திருத்துவாள். அவள் பத்தாம் வகுப்பு பாஸ்.

நான் கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு வந்தவன். வீட்டுக்காரி பிறந்ததிலிருந்தே சபைப் பிள்ளை. ஆனால் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்தை நடத்துவது நான்தான். எதில் இறங்கினாலும் முழுசாக இறங்குகிறவன் நான். சாயங்காலம் ஏழு மணி அடித்தால் டிவியை அணைத்துவிட்டுப் பாய் விரிக்க வேண்டும். வேதம் வாசிப்பு, ஒரு பாட்டு, அதற்குப் பிறகு ஸ்தோத்திரம். ஆளுக்கு மூன்று ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்னதை இன்றைக்குச் சொல்லக்கூடாது. இந்தச் சட்டம் நான் போட்டது. பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே நன்றியுள்ள மனசு வர வேண்டும் என்று போட்டேன். நல்ல சட்டம். இன்றைக்கும் அதை மாற்றவில்லை.

மகளுக்கு நாலு வயதில் திக்க ஆரம்பித்தது. வார்த்தையின் முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுபோகும். சுவிட்சைப் போட்டதும் ஓடாமல் உறுமிக்கொண்டு நிற்கிற மோட்டார் மாதிரி, உள்ளே எல்லாம் சுற்றப் பார்க்கும், வெளியே வராது. ஜெபத்தில் அவள் முறை வரும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "அ... அ..." என்பாள். நான் உடனே, "அப்பாவைக் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம்னு சொல்லு ஆத்தா" என்று எடுத்துக்கொடுப்பேன். அவள் தலையை ஆட்டுவாள். "ம..." என்றால் மழை. "சா..." என்றால் சாப்பாடு. மூன்றையும் நான் முடித்துவைத்து, ஆமென் சொல்லி எழுந்துவிடுவேன். பிள்ளையின் கஷ்டத்தைக் குறைக்கிற தகப்பன் என்று எனக்கு என் மேலேயே பெருமை.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் மல்லிகை போட்டிருந்த அக்கா தினமும் வசம்பு உரசி நாக்கில் தடவிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னேன். உபவாச ஜெபம் எங்கே நடந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர் மட்டும், "அவசரப்படுத்தாம விடுங்க சார், அதுவா சொல்லட்டும்" என்றார். கெட்டுப்போன மோட்டாரையே பேச வைக்கிறவன் நான், எனக்கு இந்த அம்மா சொல்லித்தருகிறதா என்று வந்துவிட்டேன்.

அவளுக்குப் பதினொரு வயது. அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தேன். விசுவாசம் என்றால் கையில் கிடைப்பதற்கு முன்னாலேயே ஸ்தோத்திரம் செலுத்துவது என்று முந்தின வாரம்தான் பிரசங்கம். அது எனக்கு நெஞ்சில் பிடித்துக்கொண்டது. சபைப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் நடக்கிற ஓய்வுநாள் பள்ளியின் வருகிற கிறிஸ்மஸ் விழாவில் என் மகள் மேடை ஏறி ஆறு வரி வசனத்தைத் திக்காமல் சொல்லப்போகிறாள், அதற்கு இன்றைக்கே சபைக்கு முன்னால் ஸ்தோத்திரம் செலுத்துகிறேன், அன்றைக்குச் சபை முழுசுக்கும் விருந்து என் பொறுப்பு என்று அறிவித்துவிட்டேன். சபையே அல்லேலூயா என்றது. பெண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எனக்கு அன்றைக்கு அர்த்தம் தெரியவில்லை. அவள் மடியில் மகள் முகத்தைப் புதைத்திருந்தாள். ஜெபிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து இரண்டு மாதம் தினமும் காலையில் மொட்டை மாடியில் பயிற்சி. நான் எதிரே நிற்பேன், அவள் சொல்ல வேண்டும். முதல் வாரம் மூன்றாவது வரியில் நின்றது. பிறகு இரண்டாவது வரியில். டிசம்பர் வந்தபோது முதல் வார்த்தையே வரவில்லை. "ஒழுங்காச் சொல்லு, ஒழுங்காச் சொல்லு" என்று நான் சத்தத்தைக் கூட்டினேன். காயில் கருகப்போகிற சத்தத்தை ஒரு பர்லாங்கு தள்ளிக் கேட்கிறவன், கையெட்டும் தூரத்தில் கேட்டதை விட்டுவிட்டேன்.

விழா மத்தியானம் நடந்தது. சபை வளாகத்துப் பின்பக்கம் சீரக சம்பா பிரியாணி தயாராகிக்கொண்டிருக்கிற வாசனை மேடை வரைக்கும் வந்தது. என் பிரியாணி. மகள் நீலப் பாவாடை கட்டிக்கொண்டு மைக் முன்னால் வந்து நின்றாள். முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைக்கிறது, கை பாவாடையைப் பிடித்து முறுக்குகிறது, சத்தம் வரவில்லை. பின்னால் இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று, முதல் வரிசையிலிருந்தே, அந்த ஆறு வரியையும் என் குரலில் கணீரென்று சொல்லி முடித்தேன். எனக்குத்தான் அது இரண்டு மாதமாக மனப்பாடமாகியிருந்ததே. சபை கைதட்டியது. நான் கையை உயர்த்தி ஸ்தோத்திரம் என்றேன்.

மகள் மேடையிலிருந்து இறங்கி, என்னைத் தாண்டி, அவள் அம்மாவையும் தாண்டி வெளியே போய்விட்டாள். எல்லாரும் சாப்பிட்டு என் பிரியாணியைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அவள் எங்கள் வேனுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடவில்லை.

மறுநாள் ஏழு மணிக்குப் பாய் விரித்தோம். அவள் முறை வந்தது. கையைக் கூப்பினாள், தலையைக் குனிந்தாள், வாயைத் திறக்கவில்லை. "அ..." கூட வரவில்லை. நான் செத்த நேரம் பார்த்துவிட்டு, மூன்றையும் நானே சொல்லி நானே ஆமென் போட்டேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

ஜெபத்தில் மட்டும் இல்லை. எனக்கு முன்னால் பேச்சே நின்றுபோனது. அடுப்படியில் அம்மாவோடு திக்கித் திக்கிப் பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கூடத்தில் எனக்குக் கேட்கும். நான் உள்ளே காலெடுத்து வைத்தால் கரண்ட் போன மாதிரி நின்றுவிடும். "சாப்டியா பாப்பா" என்றால் தலையாட்டல். "பரீட்சை எப்படி எழுதின" என்றால் தலையாட்டல். ஜனவரி போய், பங்குனி வெயில் போய், பள்ளிக்கூடம் லீவு விட்டுத் திறந்தும் ஆயிற்று. ஒரு வார்த்தை இல்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "உனக்கு என்ன குறை வச்சேன்? நான் பட்ட பாட்டுல நூத்துல ஒண்ணு நீ பட்டிருப்பியா? நன்றி வேணாமா மனுஷிக்கு?" பதினொரு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது. அவள் தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்காரி அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "இப்படியே போனா இந்தப் பிள்ளை உங்ககிட்ட இனிமே பேசவே பேசாது."

"அதுக்குப் பேச்சு வரலை, நான் என்ன செய்ய."

"பேச்சு வராதது வேற, பேச வேணாம்னு இருக்கறது வேற. சத்தத்தைக் கேட்டே வியாதியைச் சொல்ற ஆளு நீங்க. இது எந்தச் சத்தம்னு சொல்லுங்க பாப்போம்."

இருபது வருஷத் தொழிலில் எனக்குப் பதில் இல்லாத கேள்வி அது ஒன்றுதான். எனக்கு மெல்லப் பயம் வந்தது. இந்த வீட்டில் என் பிள்ளை வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் போகிற வரைக்கும் எனக்கு முன்னால் ஊமையாகவே இருந்துவிட்டுப் போய்விடுமோ என்று.

ஆடி மாதத்தில் எனக்குக் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி வீங்கிவிட்டது. பல் டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. ஊசி போட்டுப் பிடுங்கிவிட்டு, பஞ்சை உருட்டிக் குழியில் வைத்து, "ஒரு மணி நேரம் நல்லாக் கடிச்சுக்கங்க. வாயைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது" என்றது. அதுவரைக்கும் என்னிடம் பேசக் கூடாது என்று சொன்ன ஆள் யாரும் கிடையாது. கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மணி ஏழாகிவிட்டது. பாய் விரித்தாகிவிட்டது. சட்டம் போட்டவனே தவறக்கூடாது என்று உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரி வாசித்தாள், அவளே பாடினாள். என் முறை வந்ததும் நான் மேலே பார்த்து மூன்று விரலைக் காட்டினேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன்னுடைய மூன்றையும் சொல்லி முடித்தாள். மகள் முறை வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வீங்கின கன்னத்தையும் மூடின வாயையும் செத்த நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"அ..." என்றாள்.

ஏழு மாதம் கழித்து வந்த சத்தம். என் நாக்கு பழக்கத்தில் எழும்பியது, அப்பாவைக் குடுத்ததுக்கு என்று. பஞ்சு தடுத்தது. வாயெல்லாம் ரத்தத்தின் உப்பு. வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சுற்றுகிறது. ரோட்டில் ஒரு லாரி போகிறது. "அ... அ..." லாரி போய் அடுத்த லாரியும் வந்துவிட்டது. ஒரு வார்த்தைக்கு அம்புட்டு நேரம் ஆகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்கு முன்னால் நான் எதையும் முழுசாக வர விட்டதில்லையே.

"அ... அக்கா குடுத்த பூவுக்கு ஸ்தோத்திரம்."

பக்கத்துத் தோட்டத்து அக்கா. மார்க்கெட்டுக்குப் போன பூவில் மிஞ்சினதை ஒரு கை அளவு தினமும் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பிள்ளைக்குக் கொடுக்கும். அவள் தலையில் அன்றைக்கும் அந்தப் பூ இருந்தது. இதெல்லாம் அன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவே தெரியாது. எத்தனை வருஷத்து எத்தனை 'அ'வை நான் அப்பா என்று முடித்து வைத்திருக்கிறேன் என்று யோசித்தேன்.

இரண்டாவது வர இன்னும் நேரம் ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு அவள் வருகிற மினி பஸ்ஸில் ஒரு கண்டக்டர் அண்ணன் இருக்கிறாராம். இறங்குகிற இடத்தைச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டும். எங்கள் ஸ்டாப் பால்பண்ணை. அவள் 'ப'வில் நின்றுவிடுவாள். பின்னால் இருக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள். "நான் பா... பால்பண்ணைன்னு சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்த அண்ணன் நிக்கிறாங்க. அதுக்கு ஸ்தோத்திரம்."

பிறகு மூன்றாவது. இது பெரிதாகத் திக்காமல் வந்தது.

"அப்பா இன்னைக்குப் பேசாம இருக்காங்க. அதுக்கு ஸ்தோத்திரம்."

நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அதில் குத்தல் இல்லை, கேலி இல்லை. பூவுக்குச் சொன்ன மாதிரி, கண்டக்டருக்குச் சொன்ன மாதிரி, அப்படியே இதையும் சொன்னாள். கிடைக்காத ஒன்று கிடைத்த சந்தோஷம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ரொம்ப வலிக்குதா" என்று வீட்டுக்காரி கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பொய். ஊசி போட்ட கன்னம் மரத்துப்போய்த்தான் கிடந்தது.

மறுநாள் பல்குழியில் ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் ஏழு மணிக்கு நான் மருந்து டப்பாவிலிருந்து பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து, உருட்டி, கடைவாயில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வீட்டுக்காரி பார்த்தாள். மகளும் பார்த்தாள். அன்றைக்கு ஒரே ஒரு ஸ்தோத்திரம் சொன்னாள். அது போதும் எனக்கு.

உடனே நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய்ச் சாட்சி. நாலாவது நாள், 'க'வில் அவள் நின்று தவித்தபோது, பஞ்சைத் துப்பிவிட்டு "கத்திரிக்காய்" என்று நான் சொல்லிவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் சோற்றுக்கு வெஞ்சனம் அதுதான், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு நாள் பேச்சில்லை. அவள் சொல்ல வந்தது கணக்கு டீச்சரைப் பற்றி என்று பிறகு வீட்டுக்காரி சொன்னாள். மறுபடி பஞ்சை எடுத்தேன். வீட்டுக்காரி மருந்துக்கடையிலிருந்து பெரிய சுருளாகவே வாங்கி வைத்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அந்தக் கண்டக்டரைப் பார்க்கப் போனேன். கையில் ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழம். மினி பஸ் புறப்பட நின்றுகொண்டிருந்தது. முப்பது வயது இருக்கும் அவருக்கு, விசிலைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றார். வடமதுரை ரோட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிற ஆள் நான் என்று ஆரம்பித்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். திக்கித் திக்கிப் பேசுகிற பிள்ளையின் அப்பா என்றேன்.

"பால்பண்ணைப் பாப்பாவா" என்றார். "அது கரெக்டா சொல்லிரும்ணே. நாமதான் செத்த நேரம் நிக்கணும்."

இறங்குகிற இடம்தான் தெரியுமே, கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்டேன்.

"போகலாம்ணே. ஆனா அது சொல்லணும்னு வாயெடுக்குது. அதை நான் எதுக்குப் பறிக்கணும்."

அம்புட்டுதான். அவர் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. நன்றி சொல்லத்தான் நான் போனேன். ஸ்தோத்திரம் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வாய் இது. ஆனால் ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்து நன்றி என்று அதுவரைக்கும் சொன்னதே இல்லை. தொழில் பழகினபோது சொல்லவில்லை, கட்டின மனைவியிடம் சொல்லவில்லை. அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். உள்ளேயிருந்து யாரோ, "ஏலே, வண்டியை எடுக்கச் சொல்லுய்யா" என்றார்கள். கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப நன்றி தம்பி" என்றேன் ஒருவழியாக.

"இருக்கட்டும்ணே" என்று பழத்தை வாங்கி உள்ளே இருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார். அப்புறம்தான் விசில் ஊதினார்.

புரட்டாசி, ஐப்பசி வந்தபோது வீட்டில் பேச்சு திரும்பியிருந்தது. திக்கல் அப்படியேதான் இருந்தது. ஆனால் பேச்சு இருந்தது. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. இம்புட்டு நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினாள். ஒருநாள் ஜெபத்தில் நான் என்னுடைய மூன்றையும் சொன்னேன். சத்தமே இல்லாமல் செத்துக்கிடந்த பழைய மோட்டார் ஒன்றை யாராலும் முடியாதபோது சரிபண்ண எனக்கு ஞானம் கொடுத்ததற்கு, என் கையில் பலம் கொடுத்ததற்கு, என் பட்டறையைப் பெருகப்பண்ணினதற்கு. ஆமென் சொல்வதற்கு முன்னால் மகள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"அப்பா, நீங்க சொல்ற மூணுலயும் நீ... நீங்கதான் வாரீங்க."

வீட்டுக்காரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க வராம மூணு சொல்லுங்க" என்றாள் மகள்.

இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். மழைக்கு ஸ்தோத்திரம், வெயிலுக்கு ஸ்தோத்திரம் என்றேன். அது எல்லாருக்கும் கிடைக்கிறது, உங்களுக்கென்று கிடைத்ததைச் சொல்லுங்கள் என்றாள். நான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒன்றும் வரவில்லை. எதைத் தொட்டாலும் நான் செய்தது, நான் உழைத்தது, நான் கண்டுபிடித்தது. இப்போது அவர்கள் இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

கடைசியில் ஒன்று வந்தது. அதுவரைக்கும் வெளியே சொல்லாதது. தொழில் ஆரம்பித்த முதல் ஆறு வருஷம் மோட்டார் மேல் அடித்திருக்கிற தகட்டில் உள்ள இங்கிலீஷ் எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்த எழுத்துகளைப் படம் வரைகிற மாதிரி சிகரெட் அட்டையில் அப்படியே வரைந்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். வீட்டுக்காரிதான் வாசித்து, இது இத்தனை குதிரைசக்தி, இது இத்தனை வோல்ட் என்று சொல்லித் தருவாள். காலையில் பட்டறைக்குப் போய் எல்லாம் தெரிந்தவன் மாதிரி நான் காயில் கட்டுவேன். பிறகு அவளே உட்கார்த்திவைத்து எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். சொந்தக் காலில் நின்றவன் என்று சபையில் நான் முழங்கினபோதெல்லாம் பெண்கள் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

அதைச் சொன்னேன். அவளுக்கு ஸ்தோத்திரம் என்றேன். வீட்டுக்காரி, அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறது என்று எழுந்து உள்ளே போனாள். எனக்கு எந்த வாசனையும் வரவில்லை.

இரண்டாவதாகக் கன்னிவாடி சம்சாரி ஒருத்தரைச் சொன்னேன். நான் முதன்முதலில் தனியாகக் காயில் கட்டின மோட்டார் அவருடையது. அது பதினொரு வருஷம் ஓடியது என்று சாட்சியில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அது இரண்டாவது நாளே புகைந்துவிட்டது. அவர் அதை வேறு பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கலாம், ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு திரும்ப என்னிடமே வந்து, "இந்தவாட்டி நிதானமாக் கட்டு அப்பு" என்று வைத்துவிட்டுப் போனார். தோட்டத்தில் பயிர் வாடிக்கொண்டிருந்தது அவருக்கு. இரண்டாம் தடவை கட்டினதுதான் பதினொரு வருஷம் ஓடியது. அவர் யாரிடமும் சொல்லாததால்தான் எனக்கு அடுத்த மோட்டார் வந்தது.

மூன்றாவது அன்றைக்கு வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மகள் சரி என்று ஆமென் சொன்னாள்.

அந்த டிசம்பரில் விழாவுக்கு அவளே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அதே ஆறு வரி. வேண்டாம் ஆத்தா என்று நான்தான் கெஞ்சினேன். சபையில் நான் எதையும் அறிவிக்கவில்லை, விருந்து சொல்லவில்லை, யாரிடமும் மூச்சுவிடவில்லை. எனக்கு அது நாற்பது நாள் உபவாசத்துக்குச் சமம். பின்வரிசையில் உட்காரப் போனவனை, "மு... முன்னாடியே உக்காருங்கப்பா" என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள். சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

போன வருஷம் நின்ற அதே எழுத்தில் நின்றாள். எனக்குப் பின்னாலிருந்த பெரியவர் அந்த முதல் வார்த்தையை முணுமுணுத்து எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். நிறுத்திவிட்டார். போதகர் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சிரித்துச் சலித்து அவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஆறு வரி. ஒவ்வொரு வரியிலும் நின்று, இழுத்து, மூச்சு வாங்கி, ஆறையும் அவள் குரலிலேயே சொல்லி முடித்துவிட்டு இறங்கினாள். நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கைதட்டவில்லை. எடுத்துக்கொடுக்க எழுந்துவிடக்கூடாது என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருந்தேன், இரண்டும் மரத்துப்போயிருந்தன. அன்றைக்கு என்னைப்போல் காத்திருந்த தகப்பன் இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டான். இதில் மட்டும் பெருமை பேசிக்கொள்ள மகளே அனுமதி கொடுத்திருக்கிறாள்.

திக்கல் போகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. அதோடு படித்தாள், அதோடு வேலைக்குப் போனாள். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளையும் அந்தப் பக்கத்துக்காரர். கல்யாணமான புதிதில் அவள் வார்த்தையை முடித்து வைக்கிற பழக்கம் அவருக்கும் இருந்தது. ஒருநாள் போன் பண்ணி, "ஏனுங்க மாமா, உங்ககிட்ட ஏதோ பஞ்சு வைத்தியம் இருக்குதாமுங்க" என்றார். சுருளில் மிச்சம் இருந்ததை அடுத்த தடவை போகிறபோது கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போதும் ஏழு மணிக்குப் பாய் விரிக்கிறோம். நானும் வீட்டுக்காரியும் இங்கே, அவர்கள் அங்கே, நடுவில் ஸ்பீக்கரில் போட்ட போன். ஆளுக்கு மூன்று. நான் வராத மூன்று. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அது தீரவில்லை என்பதுதான் ஆச்சரியம். தோண்டத் தோண்ட யாராவது ஒருத்தர் வந்துகொண்டே இருக்கிறார்கள். சிகரெட் அட்டை கொடுத்த பெட்டிக்கடைக்காரர் வரைக்கும் வந்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் அவர்கள் பக்கம் நல்ல மழை. ஏழு மணிக்கு அவள் முறை வந்ததும் போனில் "அ..." என்று கேட்டது. அப்பாவாக இருக்கலாம். அரிசியாக இருக்கலாம். அவள் மாமியார் வளர்க்கிற ஆட்டுக்குட்டியாகக்கூட இருக்கலாம். எனக்குத் தெரியாது. போனைச் செத்த கிட்டத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயில் பஞ்சு இல்லை, இப்போதெல்லாம் தேவைப்படுவதில்லை. ரோட்டில் இரண்டு லாரி போனது.

"அ... அரை நாள் லீவு விட்டாங்கப்பா. அதுக்கு ஸ்தோத்திரம்."

ஆமென் என்றேன்.